அமினோ அமிலம், பெப்டைடு ஆகியவற்றின் மின்சுமையைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரைசலின் பிஎச் மாறினால் அதில் கரைந்திருக்கும் அமினோ அமிலத்தின் மின்சுமையும் மாறும் என்பது உயிர்வேதியியலின் முதல் பாடங்களிலேயே வந்துவிடுகிறது. ஆயினும் சில அமினோ அமிலங்கள் சங்கிலியாக இணைந்த ஒரு சிறிய பெப்டைடைக் கொடுத்து, பிஎச் 5இல் அதன் நிகர மின்சுமை எவ்வளவு என்று கேட்டால் நன்றாகப் படிப்பவர்களும் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்துக்கு என் பார்வையில் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது: மூலக்கூறு முழுவதையும் ஒரே பொருளாகப் பார்த்து, "இது அமிலம்", "இது காரம்" என்று முடிவுகட்டிவிடுவது. உண்மையில் மின்சுமை, புரோட்டானை ஏற்றோ இழந்தோ அயனியாகும் ஒவ்வொரு தொகுதியிலும் தனித்தனியே தீர்மானமாகிறது. நிகர மின்சுமை அவற்றின் கூட்டுத்தொகை மட்டுமே.

முதலில், வரைபடத்திலேயே நுழைந்துவிடும் தவறு. அமினோ அமிலத்தின் பொது வாய்ப்பாட்டை ஒரு பக்கம் மின்சுமையற்ற அமினோ தொகுதியும் மறுபக்கம் மின்சுமையற்ற கார்பாக்சில் தொகுதியும் கொண்டதாக எழுதிப் பழகியவர்கள், நீரிலும் அது அப்படியே இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். நடுநிலை பிஎச்சில் கிளைசின் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் ஒருங்கே கொண்ட சுவிட்டர் அயனியாகவே இருக்கிறது. இரண்டு தொகுதிகளும் மின்சுமையற்றிருக்கும் வடிவத்தில் ஒரு மூலக்கூறு இருந்தால், சுவிட்டர் அயனி வடிவத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும். இத்தனை சிறிய மூலக்கூறு 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றினால்தான் சிதைகிறது என்பதும், நீரில் எளிதாகக் கரைந்தும் பென்சீன் போன்ற கரைப்பான்களில் கரையாமல் நிற்கிறது என்பதும் இந்த அயனித் தன்மையின் விளைவுகளே.

அடுத்த தவறு சிறியதாகத் தோன்றினாலும் மற்றெல்லாவற்றையும் கெடுக்க வல்லது: புரோட்டானைப் பிடித்திருக்கும் வடிவம் எப்போதும் நேர்மின்சுமை உடையது என்றும், புரோட்டானை இழந்த வடிவம் எப்போதும் எதிர்மின்சுமை உடையது என்றும் கருதுவது. கார்பாக்சில் தொகுதி புரோட்டானைப் பிடித்திருக்கும்போது அதன் மின்சுமை பூஜ்யம், இழந்தபின் −1. அமினோ தொகுதி பிடித்திருக்கும்போது +1, இழந்தபின் பூஜ்யம். ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும்: இந்த பிஎச்சில் இதனிடம் புரோட்டான் இருக்கிறதா? அந்த நிலையில் இதன் மின்சுமை என்ன? முதல் கேள்விக்கு விடை அந்தத் தொகுதியின் பிகேஏ மதிப்பிலிருந்து, அதாவது அவற்றில் சரிபாதி புரோட்டானை இழந்திருக்கும் பிஎச் மதிப்பிலிருந்து வருகிறது. கரைசலின் பிஎச் அதைவிடக் குறைவாக இருந்தால் புரோட்டான் பெரும்பாலும் ஒட்டியிருக்கும், அதிகமாக இருந்தால் பெரும்பாலும் கழன்றிருக்கும். இரண்டாவது கேள்விக்கு விடை அந்தத் தொகுதியின் வேதியியலிலிருந்து வருகிறது. லைசின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின் ஆகியவற்றின் பக்கச் சங்கிலிகள் அமினோ தொகுதியைப் போல நடந்துகொள்கின்றன. ஆஸ்பார்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம், சிஸ்டைன், டைரோசின் ஆகியவற்றின் பக்கச் சங்கிலிகள் கார்பாக்சில் தொகுதியைப் போல.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அஸ்பராஜின், குளூட்டமின் ஆகியவற்றின் பக்கச் சங்கிலியில் நைட்ரஜனைப் பார்த்தவுடன் பலர் +1 போட்டுவிடுகிறார்கள். அது அமைடு நைட்ரஜன். வழக்கமான பிஎச் வரம்பில் அது புரோட்டானை ஏற்பதில்லை. டிரிப்டோஃபேனின் வளையத்தில் உள்ள நைட்ரஜனும் அப்படியே.

பிகேஏவை மின்விளக்கின் சுவிட்சைப் போல நினைப்பதும் பரவலான பிழை. பிஎச்சும் பிகேஏவும் சமமாக இருக்கும்போது அந்தத் தொகுதிகளில் சரிபாதி புரோட்டானுடனும் மறுபாதி புரோட்டான் இல்லாமலும் இருக்கும். ஓர் அலகு தள்ளிப் போனால் விகிதம் ஏறத்தாழ 91க்கு 9. இரண்டு அலகுகள் தள்ளிப் போனால் 99க்கு 1. பிகேஏவிலிருந்து இரண்டு அலகுகளுக்கு அப்பால் நிற்கும் தொகுதிக்கு முழு எண்ணை எழுதிவிடலாம், ஆனால் அந்த வரம்புக்குள் பின்னத்தைக் கணக்கிட்டே ஆக வேண்டும். ஹிஸ்டிடினில்தான் இது மிகுதியாக இடறுகிறது. தனி அமினோ அமிலத்தில் அதன் இமிடசோல் வளையத்தின் பிகேஏ ஏறத்தாழ 6.0 என்பதால், பிஎச் 7.4இல் சுமார் 4 விழுக்காடு வளையங்களே நேர்மின்சுமையுடன் இருக்கும். "காரத் தன்மையுள்ள அமினோ அமிலம்" என்ற பட்டியலைப் பார்த்து அதற்கு +1 கொடுப்பவர்கள் ஏறத்தாழ ஒரு முழு அலகு பிழையோடு மேலே போகிறார்கள்.

சமமின்புள்ளியை, அதாவது நிகர மின்சுமை பூஜ்யமாகும் பிஎச்சை, கணக்கிடும்போது நேரும் பிழைகளுக்கு லைசினே நல்ல எடுத்துக்காட்டு. அதன் பிகேஏ மதிப்புகள் 2.18, 8.95, 10.53. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 7.22 வரும், அந்த பிஎச்சிலோ லைசினின் நிகர மின்சுமை ஏறக்குறைய +1. நிகர மின்சுமை பூஜ்யமாக இருக்கும் வடிவத்தைக் கண்டுபிடித்து, அதற்கு இருபுறமும் நிற்கும் இரண்டு பிகேஏ மதிப்புகளை மட்டும் சராசரி எடுப்பதே முறை. மிகுந்த அமிலக் கரைசலில் லைசின் +2இல் தொடங்குகிறது. கார்பாக்சில் தொகுதி புரோட்டானை விட்டதும் +1, ஆல்ஃபா அமினோ தொகுதி விட்டதும் 0, பக்கச் சங்கிலி விட்டதும் −1. பூஜ்ய வடிவம் 8.95க்கும் 10.53க்கும் இடையில் இருப்பதால் சமமின்புள்ளி 9.74. ஆஸ்பார்டிக் அமிலத்தில் அதே வழியில் 1.88, 3.65 என்ற இரண்டும் சேர்ந்து 2.77 என்ற மதிப்பைத் தருகின்றன. விடை வந்தபின் பிஎச் சமமின்புள்ளியைவிடக் குறைவாக இருந்தால் நிகரம் நேர், அதிகமாக இருந்தால் எதிர் என்பதை மறவாதிருந்தால், மின்புலத்தைக் கொண்டு மூலக்கூறுகளை நகர்த்திப் பிரிக்கும் எலக்ட்ரோபோரசிஸில் மூலக்கூறு எந்த மின்வாயை நோக்கி நகரும் என்பதில் குழப்பம் வராது. சமமின்புள்ளியில் மூலக்கூறின் மீது மின்சுமைகளே இல்லை என்று எண்ணுவதும் தவறு. இருக்கும் மின்சுமைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன, அவ்வளவே.

பெப்டைடுகளுக்கு வரும்போது தனி அமினோ அமிலங்களின் பழக்கம் கூடவே வந்து கெடுக்கிறது. அலனின்–லைசின்–குளூட்டாமிக் அமிலம்–ஹிஸ்டிடின் என்ற நான்கு அலகுப் பெப்டைடை எடுத்துக்கொள்வோம். பெப்டைடுப் பிணைப்பு உருவானபோதே நடுவிலிருந்த ஆல்ஃபா அமினோ, ஆல்ஃபா கார்பாக்சில் தொகுதிகள் அமைடாகிவிட்டன. அவை இனி அயனியாவதில்லை. எஞ்சுபவை ஐந்தே தொகுதிகள்: அலனினின் முனை அமினோ தொகுதி, லைசினின் பக்கச் சங்கிலி, குளூட்டாமிக் அமிலத்தின் பக்கச் சங்கிலி, ஹிஸ்டிடினின் வளையம், ஹிஸ்டிடினின் முனை கார்பாக்சில் தொகுதி. இதை மறந்து நான்கு அமினோ தொகுதிகளையும் நான்கு கார்பாக்சில் தொகுதிகளையும் எண்ணியவர்களுக்கு பிஎச் 7இல் விடை ஏறக்குறைய சரியாகவே வந்துவிடுகிறது, ஏனென்றால் கூடுதலாக எண்ணியவை நேரும் எதிருமாக ஒன்றையொன்று பெருமளவு அடித்துவிடுகின்றன. இந்தத் தவறு நெடுநாள் வெளிப்படாமல் தப்புவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பிஎச் 1இல் அது பளிச்சென்று தெரியும்: சரியான மதிப்பு +3, தவறான எண்ணிக்கை +6.

முனைகளுக்கான பிகேஏ மதிப்புகளையும் தனி அமினோ அமில அட்டவணையிலிருந்து எடுக்கக் கூடாது. கிளைசினின் அமினோ தொகுதிக்கு 9.60, இரண்டு கிளைசின்கள் இணைந்த கிளைசைல்கிளைசினில் அது 8.2 அளவுக்கு இறங்கிவிடுகிறது, கார்பாக்சில் தொகுதியோ 2.34இலிருந்து 3.1க்கு ஏறிவிடுகிறது. எதிர்மின்சுமை கொண்ட கார்பாக்சிலேட்டு தொலைவுக்குப் போனதால் அமினோ தொகுதி புரோட்டானை முன்போல இறுகப் பிடித்துவைப்பதில்லை. நேர்மின்சுமை கொண்ட அமினோ தொகுதி விலகியதால் கார்பாக்சில் தொகுதி முன்னளவு எளிதாகப் புரோட்டானை விடுவதில்லை. ஆகவே நம் பெப்டைடுக்கு முனை கார்பாக்சில் 3.3, குளூட்டாமிக் அமிலம் 4.25, ஹிஸ்டிடின் 6.0, முனை அமினோ 8.0, லைசின் 10.5 என்று வைத்துக்கொண்டால், +3இலிருந்து படிப்படியாக இறங்கும் நிகர மின்சுமை 6.0க்கும் 8.0க்கும் நடுவே பூஜ்யத்தைத் தொடுகிறது, சமமின்புள்ளி 7.0. பிஎச் 5இல் முனை அமினோவும் லைசினும் சேர்ந்து +2.00, ஹிஸ்டிடின் +0.91, குளூட்டாமிக் அமிலம் −0.85, முனை கார்பாக்சில் −0.98, கூட்டினால் ஏறத்தாழ +1.08.

முனைகள் மூடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்காமல் கணக்கைத் தொடங்குவதும் அடிக்கடி நடக்கிறது. செயற்கையாகத் தயாரிக்கும் பெப்டைடுகளில் பலவற்றுக்கு அமினோ முனை அசிட்டைல் ஏற்றப்பட்டும் கார்பாக்சில் முனை அமைடாக்கப்பட்டும் இருக்கும். அந்த முனைகளுக்கு மின்சுமை கிடையாது. செரினில் பாஸ்பேட்டு ஏறியிருந்தால் நடுநிலை பிஎச்சில் அந்த ஓர் இடமே −2க்கு அருகில் கொண்டுவந்துவிடும்.

அட்டவணை மதிப்புகள் மாறாதவை என்ற நம்பிக்கை புரதங்களில் முற்றிலும் உடைந்துபோகிறது. கோழி முட்டையில் உள்ள லைசோசைம் என்ற நொதியில் 35ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலத்தின் பிகேஏ ஏறத்தாழ 6.2 அளவில் இருக்கிறது. நீர் எளிதில் எட்டாத சூழலில் எதிர்மின்சுமையைத் தாங்குவது கடினம் என்பதால் அது புரோட்டானை விடாமல் வைத்திருக்கிறது, அந்தப் புரோட்டானைக் கொடுத்துத்தான் நொதி தன் வேலையைச் செய்கிறது. தொகுதிகளைக் கூட்டிப் பெறும் மதிப்பைச் சிறிய, மடியாத பெப்டைடுகளுக்கு நம்பலாம். மடிந்த புரதத்துக்கு அதை ஒரு தொடக்க மதிப்பீடாக மட்டுமே கொள்ள வேண்டும்.

கணக்கு முழுதும் சரியாக இருந்தும் ஆய்வகத்தில் பொருந்தாமல் போவதற்கு, கரைசலின் பிஎச்சை அளக்காமல் 7 என்று எடுத்துக்கொள்வது ஒரு காரணம். தூய்மையாக்கப்பட்ட பெப்டைடுத் தூள் பெரும்பாலும் டிரைஃபுளுவோரோ அசிட்டிக் அமிலத்தின் உப்பாகவே கைக்கு வருகிறது. வெறும் நீரில் கரைத்தால் கரைசல் அமிலத்தன்மை அடைந்துவிடக்கூடும். நீரில் நன்றாகக் கரைந்த பெப்டைடு, அதன் சமமின்புள்ளிக்கு அருகிலுள்ள பிஎச் கொண்ட தாங்கல் கரைசலில் (பிஎச்சை அதிகம் மாறவிடாத கரைசலில்) விட்டவுடன் வீழ்படிவாகிவிடுவது பல வேளைகளில் இதனால்தான். எனவே கரைத்த பிறகு பிஎச்சை அளந்து, அந்த மதிப்பிலிருந்து மின்சுமையைக் கணக்கிட்டு, சமமின்புள்ளியிலிருந்து ஓரிரு அலகுகளாவது தள்ளியிருக்கும் தாங்கல் கரைசலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.