ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: குடியை விட உதவும் கூட்டங்கள்

நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த நிலக்கீழ் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு எப்படிப் போகும் என்று ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எல்லோருக்கும் தெரியும். பலருக்கு அது அந்த இரவோடு முடிந்துவிடும். சிலருக்குச் சனி, ஞாயிறு என்று நீண்டு, திங்கட்கிழமை ஒரு வாய் குடிக்காமல் வேலைக்குப் போக முடியாத நிலை வந்துவிடும். அந்தச் சிலருக்காகவும் அவர்களுடைய வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நாள்தோறும் நிறையக் குடித்தவர் "இன்றோடு விட்டேன்" என்று சபதம் எடுத்து, தனியே அறைக்குள் படுத்துவிடக் கூடாது. நடுக்கம், வியர்வை, வாந்தி என்று தொடங்கும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் புத்தி தடுமாறலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். அப்படி ஏதாவது கண்டால் உடனே அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள். அந்த நிலைக்குப் போகுமுன் வைத்தியரைப் பார்ப்பதுதான் நல்லது. குடும்ப வைத்தியர் இன்னும் கிடைக்கவில்லையா? ஒன்ராறியோவில் 'ராம் (RAAM) கிளினிக்' என்று இதற்கென்றே சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. வைத்தியரின் கடிதம் இல்லாமலே போகலாம். குடிக்கும் உந்துதலைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. அவற்றைக் கேட்டு வாங்குவதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் கனெக்ஸ் ஒன்ராறியோ என்ற தொலைபேசி உதவிச் சேவையை அழையுங்கள்: 1-866-531-2600. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். கட்டணம் இல்லை, பெயர் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலம் தடுமாறினால் 'தமிழ்' என்று மட்டும் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இனிக் கூட்டம். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடியால் நொந்துபோன ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை வைத்தியரும் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியது ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இன்றும் அடிப்படை அதுதான்: குடித்தவர் குடித்தவரோடு பேசுவது. ரொறன்ரோ முழுவதும் கிழமையில் எல்லா நாளும் எங்காவது ஒரு கூட்டம் நடக்கிறது. பெரும்பாலும் தேவாலயத்தின் பக்கவாசலால் இறங்கிப் போகும் கீழ்த்தள மண்டபம். கூட்டத்துக்கும் அந்தச் சபைக்கும் தொடர்பில்லை, இடம் மட்டும்தான் வாடகைக்கு. ஆகையால் சைவரோ இஸ்லாமியரோ தயங்க வேண்டியதில்லை. கடவுள் பற்றிய பேச்சு வரும்; அது எந்தக் கடவுள் என்பது உங்கள் விருப்பம். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்மார்ட் ரிக்கவரி என்ற இன்னொரு அமைப்பு இருக்கிறது.

உள்ளே போனால் மடக்குக் கதிரைகள், ஒரு மூலையில் கோப்பி, வாசலில் கைகொடுத்து வரவேற்கும் ஒருவர். முதற்பெயர் மட்டும் சொன்னால் போதும். உங்கள் முறை வந்தால், "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. நடுவில் ஒரு கூடை சுற்றி வரும். வாடகைக்கான சில்லறைதான், புதியவர்கள் போடத் தேவையில்லை. 'ஓப்பன்' கூட்டத்துக்கு மனைவியையோ நண்பரையோ அழைத்துப் போகலாம். 'குளோஸ்ட்' என்றிருந்தால் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும். ஒரு கூட்டம் மனதுக்கு ஒட்டவில்லை என்றால் வேறொன்றுக்குப் போங்கள், குழுவுக்குக் குழு சுபாவம் மாறும். பெண்களுக்கான தனிக் கூட்டங்களும் உண்டு. குடிக்கும் பெண்களைப் பற்றி நம் சமூகம் வாயே திறப்பதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

"எங்கட ஆட்கள் கண்டால்?" இந்தப் பயம்தான் பலரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. அங்கே ஒரு தமிழரைக் கண்டால் அவரும் இதே காரணத்துக்காக வந்தவர். உங்களைக் காட்டிக்கொடுத்தால் அவரும் வெளிப்பட்டுவிடுவார். அப்படியும் மனம் கூசினால் பஸ் ஏறி நோர்த் யோர்க் பக்கம் போங்கள், அல்லது இணையவழிக் கூட்டத்தில் படத்தை அணைத்துவிட்டு இருங்கள். தமிழ்நாட்டில் தமிழிலேயே நடக்கும் ஏ.ஏ. குழுக்கள் இருக்கின்றன, இணையவழிக் கூட்டம் உண்டா என்று அவர்களிடமும் விசாரிக்கலாம். சென்னையில் மாலை ஏழு மணி என்றால் கோடைகாலத்தில் இங்கே காலை ஒன்பதரை. இரவு வேலை முடித்து வருபவர்களுக்கு வசதியான நேரம்.

அகதிக் கோரிக்கை நிலுவையில் இருப்பவர்கள், கூட்டத்துக்குப் போனால் குடிவரவுக் கோப்பில் ஏறிவிடும் என்று அஞ்சுகிறார்கள். ஏ.ஏ. வரவுப் பதிவேடே வைப்பதில்லை. பயப்பட வேண்டியது குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்கு: 2018 டிசம்பர் முதல் அது கடும் குற்றமாகக் கருதப்படுகிறது, நிரந்தர வதிவிடம் பெற்றவர்களே இந்த நாட்டில் இருக்கும் உரிமையை இழக்க நேரலாம்.

குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டார் தனியாகப் போகலாம். மனைவி, கணவர், பெற்றோருக்கு அல்-அனான் என்ற கூட்டங்கள் உண்டு. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன். போத்தலை ஒளித்து வைப்பது, முதலாளிக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்வது, கடனை அடைப்பது என்று வருடக்கணக்கில் களைத்துப்போன பெண்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர் எப்போது திருந்துவார் என்று காத்திராமல், இந்தக் கிழமையே போய் உட்காருங்கள்.