பழைய ஸ்கோர்கார்டை வைத்து ஜார்ஜ் லோமனைப் படிப்பது எப்படி?

லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவன் நான். 18 டெஸ்டில் 112 விக்கெட், சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்) 10.75 என்று யாராவது நீட்டினால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். சர்ரே கவுண்டிக்கும் இங்கிலாந்துக்கும் பந்து வீசிய ஜார்ஜ் லோமனின் கணக்கு அது. பொய்யில்லை. ஆனால் அப்படியே விழுங்கிவிடவும் கூடாது.

முதலில் பெயரைப் பாருங்கள். விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்து கார்டில் 'மிஸ்டர்' போட்டிருந்தால் அவர் அமெச்சூர் கனவான். போடாவிட்டால் கூலிக்கு ஆடுகிறவர். லோமனுக்கு 'மிஸ்டர்' கிடையாது.

அடுத்து ஓவர். ஆறு பந்து என்று எடுத்துக்கொண்டால் கணக்கே கெட்டது. இங்கிலாந்தில் 1888 வரை ஓவருக்கு நாலு பந்து, 1889 முதல் 1899 வரை ஐந்து. தென்னாப்பிரிக்காவில் நடந்த 1896 பிப்ரவரி போர்ட் எலிசபெத் டெஸ்டை எடுங்கள்; அங்கேயும் ஐந்துதான். லோமன்: 9.4 ஓவர், 5 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 7 ரன், 8 விக்கெட். ஒன்பதை ஐந்தால் பெருக்கி நாலைக் கூட்டினால் 49 பந்து. இன்றைய கணக்கில் எட்டு ஓவரும் ஒரு பந்தும். தென்னாப்பிரிக்கா 30 ரன்னுக்குச் சுருண்டது. ஆட்டத்தை முடித்ததே அவருடைய ஹாட்ரிக்.

இனி எதிரணிவாரியாகப் பிரியுங்கள். அந்தத் தொடரின் மூன்று டெஸ்டில் மட்டும் 35 விக்கெட், சராசரி 5.80. அன்றைய தென்னாப்பிரிக்கா நோஞ்சான் அணி. அதைக் கழித்தால் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 77 விக்கெட், சராசரி 13.01. என்னைக் கேட்டால் இதுதான் அசல் லோமன். மழை பெய்தாலும் பிட்சை மூடாத காலம், நனைந்த பிட்ச் பந்து வீசுகிறவருக்குத்தான் சாதகம் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஆடாத வருடங்கள். 1893, 1894 சீசன்களில் ஆள் இல்லை. காசநோய், உலர்ந்த காற்றுக்காகத் தென்னாப்பிரிக்கா போய்விட்டார். 1901-இல் அங்கே மாட்ஜிஸ்ஃபோன்டேனில் இறந்தபோது வயது 36.

ஆனால் 1896 ஆகஸ்ட் ஓவல் டெஸ்டில் அவர் பெயர் இல்லாததற்கு நோய் காரணமல்ல. டெஸ்டுக்குப் பத்து பவுண்டு போதாது, இருபது வேண்டும் என்று ஐந்து தொழில்முறை ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். ஏபெல், ஹேவர்ட், ரிச்சர்ட்சன் மூவரும் இறங்கி வந்து ஆடினார்கள். லோமனும் வில்லியம் கன்னும் ஆடவில்லை. கனவான்களோ 'செலவுக் காசு' என்ற பெயரில் தாராளமாக வாங்கிக்கொண்டிருந்த காலம்! அதே ஆண்டு ஜூனில் லார்ட்ஸில் ஆடியதுதான் லோமனின் கடைசி டெஸ்ட்.