என் கணினியில் ஓடிய பிகேஜிபில்ட் நண்பரிடம் படுத்துவிட்டது

ஆர்ச் லினக்ஸில் ஒரு சின்ன நிரலுக்கு பிகேஜிபில்ட் (நிரலை எப்படித் தொகுப்பாக்குவது என்று சொல்லும் கோப்பு) எழுதினேன். என்னிடம், அதைப் படித்துத் தொகுப்பை உருவாக்கும் மேக்பிகேஜி கட்டளை ஒரே ஓட்டத்தில் முடிந்தது. நண்பருக்கு அனுப்பினால் "சிமேக் இல்லை என்கிறதே" என்று பதில் வந்தது. என் கணினியில் எப்போதோ போட்ட சிமேக் என்ற பில்ட் கருவி கிடந்ததால், மேக்டிபெண்ட்ஸில் (பில்ட் செய்ய மட்டும் தேவையானவற்றின் பட்டியல்) அதை எழுதத் தோன்றவே இல்லை. (ஜிசிசி, மேக் போன்ற கருவிகள் பேஸ்-டெவல் என்ற அடிப்படைத் தொகுப்பில் வந்துவிடும், எழுதத் தேவையில்லை. சிமேக் அதில் கிடையாது.)

ஆர்ச்சின் டெவ்டூல்ஸ் கருவிகளை நிறுவி, சுத்தமான சிஹெச்ரூட்டில் (கணினிக்குள்ளேயே தனியாகப் பிரித்து வைத்த சூழல்) பில்ட் செய்தேன். அங்கே அடிப்படைத் தொகுப்பும் நாம் எழுதிய சார்புகளும் மட்டுமே இருக்கும், ஏமாற்ற முடியாது. சிமேக்கைச் சேர்த்ததும் "நிஞ்ஜா எங்கே?" என்று இன்னொரு பில்ட் கருவியைக் கேட்டு நின்றது. அதையும் சேர்த்த பிறகுதான் பில்ட் முடிந்தது.

நண்பரிடம் திரும்பவும் தகராறு. அவருடைய கோப்புறைப் பெயரில் ஓர் இடைவெளி! பிகேஜிபில்டின் பேக்கேஜ் பங்ஷனில், கோப்புகள் போய்ச் சேரும் கோப்புறையின் பாதையைத் தரும் டாலர் பிகேஜிடிர் மாறியை நான் மேற்கோள் குறி இல்லாமல் விட்டிருந்தேன். ஷெல் பாதையை இரண்டாக உடைத்துவிட, இன்ஸ்டால் கட்டளை திணறியது. இரட்டை மேற்கோள் போட்டதும் சரியானது. இப்போதெல்லாம் அனுப்பும் முன், பிகேஜிபில்டில் தவறு தேடும் நாம்கேப்பையும் ஓட்டிவிடுகிறேன். சில சமயம் தேவையில்லாமல் புலம்பும், பரவாயில்லை.