கப்பல் ஏறிப் போன தாத்தாவோட தடத்தைப் பிடிக்கிறது எப்படி

"எங்க பாட்டனோட அண்ணன் ஒருத்தர் கப்பல்ல போனாரு, அப்புறம் ஒரு சேதியும் இல்ல"ன்னு சொல்ற குடும்பம் நம்ம பக்கம் நிறைய இருக்கு. அதே கதையோட மறுபக்கம் டர்பன்லயும் மொரீஷியஸ்லயும் பினாங்குலயும் இருக்கு, அங்க "மெட்ராஸ்ல இருந்து வந்தாங்க"ன்றதோட கதை நின்னுடும். ரெண்டு பக்கத்துக்காரங்களும் மொதல்ல பண்றது பேரைப் போட்டு சர்ச் பண்றதுதான், அங்கயே மாட்டிக்கிறாங்க. நமக்கு குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, அப்பா பேர்தான் இனிஷியல், தாத்தா பேரையே பேரனுக்கு வைக்கிறோம், ஒரே ஊர்ல ஒரே தலைமுறைல அஞ்சாறு முனுசாமி இருப்பாங்க. அதனால பேரைக் கடைசில வச்சுக்கோங்க. எந்த ஊரு, எந்த வருஷம், கூட யாரு போனா, இந்த மூணும்தான் ஆளைக் காட்டிக் கொடுக்கும்.

வேலைய வீட்லயே ஆரம்பிங்க, ஆனா பெரியவங்ககிட்ட "அவர் பேரு என்ன, எந்த வருஷம்"னு கேட்டா "யாருக்குத் தெரியும்"னுதான் வரும். கேள்விய மாத்திக் கேளுங்க. "யாரு செத்தா நம்ம வீட்ல தீட்டு காத்தாங்க"ன்னு கேளுங்க, பங்காளி லிஸ்ட் முழுசா வந்துடும், தொடர்பே விட்டுப்போன வீடு கூட அதுல தலைகாட்டும். குலதெய்வம் எங்க இருக்கு, அங்க நம்மளோட பொங்கல் வைக்கிறவங்க யாரு யாருன்னும் கேளுங்க. அப்புறம் பழைய மொய் நோட்டு இருந்தா தயவுசெஞ்சு தூக்கிப் போட்றாதீங்க. பல நோட்டுல ஊர் பேரு, அதுக்கு அடுத்து ஆள் பேரு, அப்பா பேரு, தொகைன்னு வரிசையா இருக்கும், சொந்தக்காரங்க எந்தெந்த ஊர்ல பரவி இருந்தாங்கன்னு அதுக்கு மேல ஒரு மேப் கிடைக்காது. பாகப்பிரிவினைப் பத்திரமும் அப்படித்தான், யாருக்கு யாரு வாரிசுன்னு எழுதாம பங்கு பிரிக்க முடியாது, ஊர்ல இல்லாத பங்குதாரரைப் பத்தி ஒரு வரி அதுல மாட்டும். ஆன்லைன்ல வில்லங்கச் சான்று ஒரு குறிப்பிட்ட வருஷத்துக்கு அப்புறம் உள்ளதுதான் பொதுவா கிடைக்கும், அதுக்கு முந்தி உள்ளதுக்கு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல மேனுவலா தேடச் சொல்லி மனு போடணும், கொஞ்சம் அலைச்சல்தான்.

அடுத்தது அவர் எந்த நாட்டுக்குப் போயிருப்பார்னு கண்டுபிடிக்கணும். இதுக்கு வருஷம் தோராயமா தெரிஞ்சாலே போதும். மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிங்க போக ஆரம்பிச்சது 1834-ல. நேட்டாலுக்கு (தென்னாப்பிரிக்காவுல டர்பன் இருக்குற பகுதி) மொத கப்பல் ட்ரூரோ, மெட்ராஸ்ல கிளம்பி 1860 நவம்பர் 16-ல டர்பன் போய்ச் சேந்துச்சு, 1911-ல அந்த வழி மூடிருச்சு. ஃபிஜிக்கு 1879-லயே ஆள் போக ஆரம்பிச்சாலும் மெட்ராஸ்ல இருந்து கப்பல் போனது 1903-க்கு அப்புறம்தான், 1916-ல முடிஞ்சுது. அதனால உங்க ஆளு 1920-கள்ல போனார்னா நேட்டால் லிஸ்ட்ல கண்ணு வலிக்கத் தேடுறது வீண், அது மலாயா, சிலோன், பர்மாவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். காரைக்கால், பாண்டிச்சேரியில இருந்து போனார்னா ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக்னு பிரெஞ்சுக்காரங்க தீவுங்க பக்கம் பாருங்க.

நேட்டால் போனவங்க விஷயத்துல நமக்கு யோகம், ஏன்னா ஒண்ணரை லட்சத்துக்கும் மேல போனவங்கள ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்டு கப்பல் பட்டியல்ல எழுதி வச்சிருக்காங்க. ஒரு வரி எப்படி இருக்கும்னா (இது நான் மாதிரிக்குச் சொல்றது): நம்பர், பேரு முனியன், அப்பா பேரு சின்னான், வயசு 25, ஆண், சாதி, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா போளூர், கிராமம், கடைசில "இடது முழங்கால்ல தழும்பு". இதுல வயச நம்பாதீங்க, 20, 25, 30னு குமாஸ்தா பார்த்து குத்துமதிப்பாப் போட்டது, அஞ்சு வருஷம் முன்ன பின்ன வச்சுக்கோங்க. சாதியும் ஊரும் கூட சில பேர் வேணும்னே மாத்திச் சொல்லியிருப்பாங்க, வீட்டை விட்டு ஓடி வந்தவன் நெஜ ஊரைச் சொல்லுவானா. ஆனா அந்த நம்பர் மாறாது, நேட்டால்ல அவர் சாகுற வரைக்கும் கல்யாணப் பதிவு, புகார் மனு, இறப்புக் கோப்புன்னு எல்லாத்துலயும் அதான் அவருக்கு அடையாளம். பட்டியல்களை டர்பன்ல இருக்குற குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தோட காந்தி-லுதுலி ஆவண மையம் தொகுத்து வச்சிருக்கு, குடியேற்ற அலுவலகக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துல இருக்கு.

ஆள் கிடைச்ச சந்தோஷத்துல அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துக்கிட்டு நின்னுடாதீங்க. முன்னாடி இருபது நம்பர், பின்னாடி இருபது நம்பர் படிங்க. ஒண்ணா வந்தவங்க பெரும்பாலும் அடுத்தடுத்த நம்பர்ல இருப்பாங்க, பொண்டாட்டி, தம்பி, அதே ஊர்க்காரன்னு. பொம்பளைங்களத் தேடுறதுக்கு இதைவிட நல்ல வழி இல்ல, ஏன்னா அவங்க வரியில அப்பா பேருதான் பல நேரம் இருக்கும், புருஷன் யாருன்னு பக்கத்து வரியப் பார்த்துதான் ஊகிக்கணும். நூறு ஆம்பளைக்கு நாப்பது பொம்பளை இருக்கணும்னு சட்டம் இருந்ததால தனியா வந்த பொம்பளைங்களும் நிறைய, அதனால பக்கத்து நம்பர்ல ஆம்பளை இருந்தாலே புருஷன்னு முடிவு கட்டிடாதீங்க.

ஸ்பெல்லிங் தனித் தலைவலி. தமிழ் தெரியாத குமாஸ்தா காதுல விழுந்ததை எழுதினது, நம்ம 'க' அங்க கே-யாவும் இருக்கும் ஜி-யாவும் இருக்கும், 'ப' P-யா B-யான்னு தெரியாது, 'ழ' எல், ஆர், ஒய்னு இஷ்டத்துக்கு வரும். பேரை முழுசா அடிக்காம மொத ரெண்டு மூணு எழுத்தை மட்டும் போட்டுத் தேடுங்க, இல்லன்னா பேரையே விட்டுட்டு தாலுகா பேர்ல வடிகட்டுங்க.

மொரீஷியஸுக்கு மோக்காவுல இருக்குற மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்தான் இடம், 1860-களுக்கு அப்புறம் வந்த நிறைய பேரோட போட்டோவே அங்க இருக்கு. ஃபிஜிக்கு சுவாவுல தேசியக் காப்பகம், கப்பல் ஏறுறவங்களுக்கு ஆளுக்கொண்ணாப் போட்ட எமிக்ரேஷன் பாஸ் ஒவ்வொண்ணுலயும் உயரம், அடையாளம், நெருங்கின உறவு யாருன்னு இருக்கும். பிரெஞ்சு பக்கம் போனவங்களுக்கு ஃபிரான்ஸ்ல எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஊர்ல இருக்குற கடல்கடந்த ஆவணக் காப்பகம் பாண்டிச்சேரி, காரைக்கால் பிறப்பு இறப்புப் பதிவேடுகளை ஸ்கேன் பண்ணி இலவசமாவே போட்டிருக்கு, பிரெஞ்சு கொஞ்சம் படிக்கத் தெரிஞ்ச ஆளைப் பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க.

மலாயாவும் சிலோனும்தான் ரொம்பக் கஷ்டம். கங்காணி, அதாவது எஸ்டேட்டுக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி, கூட்டிட்டுப் போனவங்களுக்கு இந்த மாதிரி ஆளுக்கொரு வரி கிடைக்கிறது அபூர்வம். ஆனா கங்காணி ஆள் பிடிச்சது சொந்த ஊர்லயும் சுத்துப்பட்டுலயும்தான், அதனால உங்க தாத்தாவ விட்டுட்டு அவர் இருந்த எஸ்டேட்டோட கங்காணி எந்த ஊர்னு தேடுங்க, பெரும்பாலும் ஊர் கிடைச்சுடும். எஸ்டேட் கோயில் உபயக் கல்வெட்டு, சமாதிக் கல்லு, பிள்ளைங்களோட பிறப்புச் சான்றிதழ் இதெல்லாம் பாருங்க. சிலோன்ல இருந்து 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல (ரெண்டு நாட்டு அரசும் தோட்டத் தமிழர்களைப் பிரிச்சு ஏத்துக்கப் போட்ட ஒப்பந்தம்) திரும்பினவங்க வீட்ல அந்தக் காலத்து பாஸ்போர்ட், மனு காப்பி இருந்தா எடுங்க, பூர்வீக ஊர் அதுலதான் ஒளிஞ்சிருக்கும்.

ஊர் பேரு கிடைச்சாலும் உடனே கார் எடுத்துட்டுக் கிளம்பிடாதீங்க. புதூர்னு நம்ம நாட்ல எத்தனை இருக்கு. தாலுகாவ வச்சு ஊரைப் பிடிக்கணும், அந்தக் கால எல்லைப்படி. பழைய வட ஆற்காடு இன்னிக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைன்னு பிரிஞ்சு கெடக்கு. சித்தூர் ஜில்லாவே 1911-லதான் உருவாச்சு, அதனால லிஸ்ட்ல வட ஆற்காடுன்னு இருக்குற ஊரு இன்னிக்கு ஆந்திராவுல இருக்கலாம்.

டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. எடுக்கலாம், ஆனா ரிப்போர்ட்ல உங்களோட டிஎன்ஏ ஒத்துப்போற ஒருத்தரை "மூணாவது கஸின்"னு (கொள்ளுத்தாத்தாவோட அப்பா ஒருத்தரேங்கிற அளவு சொந்தம்) காட்டினா அப்படியே எடுத்துக்காதீங்க. அத்தை மகள், மாமன் மகள்னு தலைமுறை தலைமுறையா கட்டிக்கிட்ட குடும்பத்துல ஒரே டிஎன்ஏ பல வழியில சுத்தி வரும், தூரத்துச் சொந்தமும் நெருங்கின சொந்தம் மாதிரி தெரியும். ரெண்டு பேருக்கும் ஒத்துப்போற டிஎன்ஏ துண்டு துண்டா சின்னச் சின்னதா நிறைய சேந்து கூட்டுத்தொகை பெருசாத் தெரியுதா, இல்ல நீளமா ஒரே துண்டு இருக்கான்னு பாருங்க, நீளத் துண்டுக்குத்தான் மதிப்பு.

காப்பகத்துக்கு மெயில் போடும்போது "எங்க தாத்தாவப் பத்தி தகவல் வேணும்"னு எழுதினா பதிலே வராது, வந்தாலும் பொதுவா ரெண்டு வரிதான். தோராயமான வருஷம், கப்பல் இல்லன்னா நம்பர், ஜில்லா, தாலுகா, பேரோட நாலு விதமான ஸ்பெல்லிங் எல்லாம் போட்டு, அந்த ஒரு வரி மட்டும் இல்லாம முழுப் பக்கத்தோட ஸ்கேனும், அதுக்கு முந்தின பக்கம், அடுத்த பக்கமும் சேத்துக் கேளுங்க.