அமெரிக்காவில் வீட்டு ஹோல்சேலிங்: முதல் ஒப்பந்தம் போடும் முன்

ஹோல்சேலிங் செய்பவர் வீட்டை வாங்குவதில்லை. வாங்கும் ஒப்பந்தத்தை இன்னொருவருக்குக் கைமாற்றிக் கட்டணம் பெறுகிறார். ஆகவே ரொக்கத்தோடு வாங்கத் தயாராக இருப்பவர்களை முதலில் தேடி வையுங்கள். வீடு தேடுவது பிறகு.

விலையைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். பழுதுபார்த்த பின் 2,00,000 டாலருக்குப் போகும் வீடென்றால், வாங்குபவரின் லாபத்துக்கும் மற்றச் செலவுக்கும் இடம் விட்டு, அதில் 70 சதவீதம் 1,40,000. பழுதுச் செலவு 30,000, உங்கள் கட்டணம் 10,000 கழித்தால், உரிமையாளரிடம் 1,00,000-க்கு மேல் பேசக் கூடாது. புதியவர்கள் சறுக்குவது பழுதுச் செலவில்தான். கூரை, அஸ்திவாரம், கழிவுநீர்க் குழாய் மூன்றையும் பார்க்காமல் குத்துமதிப்பாகப் போட்டால், வாங்க வந்தவர் பார்த்ததும் நழுவிவிடுவார். விற்பனை விலைக்கு, அரை மைலுக்குள் கடந்த ஆறு மாதத்தில் விற்ற, ஏறக்குறைய அதே பரப்புள்ள மூன்று வீடுகளைப் பாருங்கள். விளம்பர விலை உதவாது.

ஒப்பந்தத்தைக் கைமாற்றலாம் என்பது எழுத்தில் இருக்கட்டும். உரிமையாளரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள், மறைத்தால் கடைசி நாளில் வம்பு. ஆய்வுக் காலம் 10 முதல் 14 நாள் கேளுங்கள். அதற்குள் முறைப்படி விலகினால் முன்பணம் திரும்பும் என்ற வரியும் வேண்டும். வரி பாக்கி, அடமானம் இருக்கிறதா என்று டைட்டில் கம்பெனி (வீட்டின் உரிமைப் பதிவுகளைச் சரிபார்க்கும் நிறுவனம்) மூலம் உடனே பார்த்துவிடுங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இல்லினாயில் 2019 முதல், 12 மாதத்தில் இப்படி ஒன்றுக்கு மேல் ஒப்பந்தம் செய்தால் தரகர் உரிமம் கட்டாயம்.