மேடையில குரலும் உடம்பும் நம்ம பேச்சைக் கேக்கணும்னா என்ன பண்ணணும்?

கன்டென்ட் எல்லாம் பக்காவா ரெடி பண்ணிருப்போம், மனப்பாடமும் ஆயிருக்கும், ஆனா மைக் முன்னாடி போய் நின்னதும் குரல் தொண்டையிலயே மாட்டிக்கும், கையை எங்க வைக்கிறதுன்னே தெரியாது. ரெண்டும் பழக்கத்துல வர்றதுதான். புதுசா ஆரம்பிக்கிறவங்க இந்த வரிசையில பழகுங்க.

ஸ்டெப் 1: வீடியோ எடுங்க

நின்னுக்கிட்டே ரெண்டு நிமிஷம் பேசி போன்ல எடுங்க. போட்டுக் கேட்டா "ஐயையோ இதா என் குரல்"னு தோணும். நாம பேசும்போது நம்ம குரல் காத்து வழியா மட்டும் இல்லாம மண்டை எலும்பு வழியாவும் காதுக்குள்ள போறதால கொஞ்சம் கனமா கேக்கும், ரெக்கார்டிங்ல அந்தக் கனம் இருக்காது, அதான் மெலிசா தெரியுது. மத்தவங்க எப்பவும் கேக்குறது அந்தக் குரலைத்தான், அதனால வெக்கப்படாதீங்க. முதல்ல போனைக் கவுத்து வச்சு குரலை மட்டும் கேளுங்க, அப்புறம் மியூட் பண்ணி உடம்பை மட்டும் பாருங்க.

ஸ்டெப் 2: மூச்சு

பதட்டத்துல மூச்சு நெஞ்சோட நின்னுரும், பாதி வரியிலயே காத்து தீந்துரும். வயித்துல ஒரு கை, நெஞ்சுல ஒரு கை வச்சு மூக்கால இழுங்க. வயித்துக் கை முன்னாடி வரணும், தோள் ஏறக்கூடாது. அப்புறம் "ஸ்ஸ்ஸ்"னு ஒரே சீரா விடுங்க. மேடைக்கு முன்னாடி வாயை மூடி "ம்ம்ம்"னு கொஞ்ச நேரம் முனகினா போதும், கத்திப் பாக்க வேண்டாம். சும்மா சும்மா கனைக்காதீங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க.

ஸ்டெப் 3: கடைசி வார்த்தை (என்னைக் கேட்டா இதுதான் மெயின்)

தமிழ்ல விஷயமே வரியோட கடைசிலதான் இருக்கு. "இந்த மாத்திரையை சாப்பாட்டுக்கு முன்னாடி போட..." வரைக்கும் கணீர்னு கேட்டுச்சு, அதுக்கப்புறம் "லாம்"னு சொன்னாரா "க்கூடாது"ன்னு சொன்னாரா? பின் வரிசைக்குக் கேக்காமப் போறது சரியா அந்த இடம்தான், ஏன்னா நம்மள்ல முக்கால்வாசி பேர் சத்தமா ஆரம்பிச்சு முடிக்கும்போது முழுங்கிருவோம்.

ஒரு பாராவை எடுத்து ஒவ்வொரு வரியிலயும் கடைசி வார்த்தைக்கு மட்டும் கோடு போட்டு சத்தமா படிங்க. அங்க குரலை ஏத்த வேண்டாம், இறக்காம இருந்தா போதும். வரி முடிஞ்சதும் வாயை மூடி ஒரு மூச்சு இழுங்க. 'வந்து', 'ஆக்சுவலா', 'என்னன்னா' எல்லாம் நுழையுற சந்து அதுதான், அதை அடைச்சுருங்க. அந்த கேப் உங்களுக்குத்தான் யுகமா தெரியும், கேக்குறவங்களுக்குத் தெரியாது.

அப்புறம் நிமிஷத்துக்கு 150 வார்த்தைன்னு ஒரு கணக்கு சுத்திட்டு இருக்கு, அது இங்கிலீஷுக்கு. நம்ம "வந்திருக்கலாமேன்னு" ஒரே வார்த்தை, அதை அவங்க சொல்ல நாலஞ்சு வார்த்தை வேணும். அந்த நம்பரைத் துரத்தினா மூச்சுதான் வாங்கும்.

ஸ்டெப் 4: கால், கை, கண்ணு

ரெண்டு கால்லயும் சமமா நில்லுங்க, முட்டியை விறைப்பா வைக்காதீங்க. கையை சும்மா தொங்க விடுங்க, தேவைப்படும்போது அதுவா எழும்பும். குறிப்பு வேணும்னா ஏ4 தாள் வேண்டாம், கை லேசா நடுங்கினாலும் தாள் படபடன்னு ஆடி ஊருக்கே காட்டிக் குடுத்துரும், சின்ன கெட்டி அட்டையில எழுதிக்கோங்க. கண்ணுக்கு ஒரே ரூல், ஒரு வரி ஒருத்தருக்கு. அந்த வரி முடியுற வரைக்கும் அவரைப் பாத்துட்டு அடுத்த வரிக்கு வேற ஆளுக்குப் போங்க. பின்னாடி சுவரைப் பாத்துப் பேசுங்கன்னு யாராவது ஐடியா குடுத்தா கண்டுக்காதீங்க, முகத்துல ஒட்டுதலே இருக்காது.

ஸ்டெப் 5: மைக்

வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு, கொஞ்சம் சாச்சுப் பிடிங்க, நேரா பிடிச்சா 'ப' வர்ற இடமெல்லாம் டப் டப்னு அடிக்கும். கையைக் கீழ இறக்கும்போது ஸ்பீக்கர் பக்கம் திருப்பிராதீங்க, கீச்சுன்னு கத்தும். முடிஞ்சா கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே போய், "ஹலோ ஹலோ"க்குப் பதிலா உங்க முதல் வரியையே சொல்லி, கடைசி வரிசையில ஒருத்தரை நிக்க வச்சு என்ன கேட்டுச்சுன்னு திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. கடைசி வார்த்தையை விட்டுட்டார்னா உடனே வால்யூமை ஏத்தச் சொல்லாதீங்க, வாயை இன்னும் கொஞ்சம் நல்லா திறந்து அதே வரியை இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க.