மனித உடலைத் திருத்தி வரைய முனைவோருக்கு

மனித உடலில் குறை காண்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. முதுகு வலிக்கிறது, முழங்கால் தேய்கிறது, சாப்பிடும்போது புரையேறுகிறது, ஞானப்பல்லுக்குத் தாடையில் இடம் போதவில்லை. இவற்றை நீக்கிய ஓர் உடலைத் தாளில் வரைந்து பார்ப்பது உயிரியலைக் கற்க நல்ல வழி என்பது என் எண்ணம். வரையத் தொடங்கும் முன் தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்புறம் வரவையும் வலப்புறம் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். வலப்புறம் வெறுமையாக இருக்கும் வரை நீங்கள் போதிய அளவு யோசிக்கவில்லை என்று பொருள்.

முதலில் ஓர் உறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அது செய்யும் வேலைகள் அனைத்தையும் எழுதுங்கள். தொண்டையைப் பாருங்கள். காற்றும் உணவும் அங்கே பொதுவழியில் வந்து பிரிவதால்தான் புரையேறுகிறது. சில வேளை மூச்சடைத்து உயிரே போகிறது. இரண்டு வழிகளையும் அடியோடு பிரித்துவிடலாமே என்று தோன்றும். பல்லுள்ள திமிங்கிலங்களில் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறது; அவற்றின் குரல்வளை மேலெழுந்து நாசிவழிக்குள் பொருந்தியிருக்கிறது. நமக்கும் அவ்வாறே செய்தால், மூக்கடைத்த நாளில் வாயால் மூச்சுவிட இயலாது. நுரையீரலிலிருந்து மேலேறி வரும் சளியை இப்போது நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். அதற்குத் தனி வடிகால் தேட வேண்டியிருக்கும். மெல்லும் உணவின் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கை அடைவதும் நின்றுபோவதால், சுவையில் பெரும்பங்கு மறைந்துவிடும். இவை அனைத்தையும்விடப் பெரிய இழப்பு பேச்சு. குரல்வளையில் எழும் ஒலியை நாவும் அண்ணமும் உதடும் வெவ்வேறு எழுத்துகளாக வடிக்க வேண்டுமானால், அந்தக் காற்று வாய்க்குள் வந்தே தீர வேண்டும்.

அடுத்து, நீங்கள் விரும்பும் மாற்றம் வேறு எந்த உயிரிடமாவது ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். கற்பனையைவிட அது நம்பகமானது. தசை பெருக வேண்டும் என்பவர், தசை வளர்ச்சியை அளவோடு நிறுத்தும் மையோஸ்டாட்டின் என்னும் புரதத்தைத் தடுக்க நினைப்பார். அந்தப் புரதம் செயலிழந்த பெல்ஜியன் புளூ மாடுகள் திரண்ட தசையோடு வளர்கின்றன. ஆனால் அவற்றின் கன்றுகள் பலவற்றை அறுவை செய்தே வெளியில் எடுக்க வேண்டியிருக்கிறது. வலியே வேண்டாம் என்பவர், பிறவியிலேயே வலி உணராத மனிதர்களைப் பற்றிப் படிக்கட்டும். நாக்கைக் கடித்துக்கொண்டாலும் எலும்பு முறிந்தாலும் தெரியாமல் போவது அவர்களுக்கு வரம் அன்று.

புற்றுநோயைப் பற்றிய கணக்கு இன்னும் நுட்பமானது. சிதைந்த உயிரணுக்கள் பெருகாமல் தடுக்கும் பி53 என்னும் புரதத்துக்கான மரபணு யானைகளிடம் சுமார் 20 படிகளாக, அதாவது நகல்களாக, இருக்கிறது. அந்தப் புரதம் ஓயாமல் மிகையாகச் செயல்படும்படி மாற்றப்பட்ட எலிகளுக்குப் புற்றுநோய் குறைந்தாலும் முதுமை விரைந்து வந்தது என்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், இயல்பான கட்டுப்பாட்டோடு கூடிய கூடுதல் படிகளைப் பெற்ற எலிகள் புற்றுநோயை எதிர்த்து நின்றன, முதுமையும் முந்திக்கொள்ளவில்லை. ஆகவே, விலை மிகுதியாகத் தெரிந்தால் உடனே திருத்தத்தைக் கைவிடாமல், அதே பயனை வேறு விதமாகப் பெற இயலுமா என்றும் பாருங்கள்.

பிறகு எளிய கணக்கு ஒன்று. உடலின் வடிவம் மாறாமல் உயரத்தை இரு மடங்காக்கினால் எடை 8 மடங்காகும், எலும்பின் குறுக்குப் பரப்போ 4 மடங்கே ஆகும். எலும்பின் மேல் அழுத்தம் இரட்டிக்கும். மூளையைப் பெரிதாக்குபவர், உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள அது ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை உண்பதை மறக்கக் கூடாது.

கடைசியாக, மாற்றம் யாரோடு நிற்கும் என்பதை எழுதுங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் நோக்கில், அந்த வைரஸ் உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதத்துக்கான சிசிஆர்5 மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக 2018-இல் சீன ஆய்வாளர் ஒருவர் அறிவித்தார். மறு ஆண்டே அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த மரபணு இயல்பிலேயே செயலற்றிருப்பவர்களுக்கு மேற்கு நைல் வைரஸ் தொற்று கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. கருவில் செய்த திருத்தம் வழிவழியாகத் தொடரக்கூடியது. இதற்கு மாறாக, சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் உயிரணு நோய்க்கு 2023-இல் பிரிட்டன் ஒப்புதல் அளித்த சிகிச்சையில் நோயாளியின் குருதி உருவாக்கும் உயிரணுக்களே திருத்தப்படுகின்றன, சந்ததிக்கு அது செல்வதில்லை. ஆனால் திருத்திய உயிரணுக்களைச் செலுத்தும் முன், கடுமையான மருந்தால் குருதி உருவாகும் எலும்பு மச்சையை வெறுமையாக்க வேண்டும். கருவுறும் திறன் குன்றும் அபாயம் அதில் உண்டு. ஆகவே செலவுப் பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதைச் செலுத்தப்போகிறவர் யார், அவரிடம் முன்கூட்டியே கேட்க இயலுமா என்பதையும் குறித்து வையுங்கள்.